கல்யாணப் பத்திரத்தில் தேடுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் 1820 வாக்கில் வாழ்ந்த ஒரு குடும்பத்தைத் தேடுகிறேன். சென்சஸில் தகப்பன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மனைவி, பிள்ளைகள் பெயரெல்லாம் எங்கே?

பதில்: எழுதவே இல்லை. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயரைப் போட்டுவிட்டு, மற்றவர்களை இந்த வயதில் ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று வெறும் எண்ணிக்கையாகக் குறித்தார்கள்; 1850-இல்தான் வீட்டிலிருந்த எல்லோர் பெயரும் ஏறியது, அப்போதும் அடிமைகளைப் பெரும்பாலும் பெயரில்லாமலே எழுதினார்கள் என்பது பெரிய கொடுமை. சரி, கல்யாணப் பதிவுக்குப் போங்கள். வர்ஜீனியா, கென்டக்கி பக்கம் அந்தக் காலத்தில் மாப்பிள்ளை கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில், கல்யாணத்துக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை என்று ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுப்பார், கூடக் கையெழுத்துப் போட்டவர் பல சமயம் பெண்ணின் அப்பாவோ அண்ணனோதான். அந்தப் பெயரோடு அதே கவுண்டியின் முந்தைய சென்சஸைப் புரட்டி, அந்த வீட்டில் அவள் வயதுக்கு ஒரு பெண் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.