கதை முடிந்ததும் நீதி கேட்காதீர்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். காசிமேட்டிலிருந்து வரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளை, "கவுச்சி அடிக்குது, தள்ளி உக்காரு" என்கிறார்கள் மற்றவர்கள். பீகாரிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையனோடு யாரும் சேர்வதில்லை. அன்பு, ஒற்றுமை பற்றித் தினமும் கதை சொல்கிறேன். தலையாட்டிக் கேட்கிறார்கள்; இடைவேளையில் பழையபடிதான். என்ன செய்யலாம்?

பதில்: கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்கிறோமே, சிக்கல் அங்கேதான். மூன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் அதற்கான பதில் பிள்ளைகளுக்கு மனப்பாடம். "ஒத்துமையா இருக்கணும் மிஸ்" என்று கோரஸாகச் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள்.

பாட்டி வடை சுட்ட கதையையே எடுங்கள். காக்கா ஏமாந்தது, நரி தந்திரக்காரன் என்று முடித்துவிடுகிறோம். வடை பறிபோன பாட்டியைப் பற்றி யாருமே விசாரிப்பதில்லை! "பாட்டிக்கு அன்னைக்கு எவ்வளவு நஷ்டம்? வீட்டுக்குப் போய் யாரிடம் சொல்லியிருப்பாங்க? நீ அந்த மரத்தடியில நின்னிருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று கேட்டுப் பாருங்கள். ஆயா தெருவில் இட்லிக் கடை போடுகிற பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், அங்கிருந்து வரும் பதில் வேறு மாதிரி இருக்கும். காக்காவுக்கும் வீட்டில் குஞ்சு இருக்குமே என்று யாராவது வாதாடினால் தடுக்காதீர்கள், அது நல்ல சண்டை. அப்புறம் நடிக்க விடுங்கள். மறுநாள் பாத்திரத்தை மாற்றுங்கள். நேற்று நரியாக இருந்தவன் இன்று பாட்டி. ஒரே கதையை ஒரு வாரம் ஓட்டினாலும் இந்த வயதில் அலுக்காது.

அந்தப் பீகார் பையனுக்கு முதலில் காக்கா வேடம் கொடுக்கலாம், வசனம் வேண்டியதில்லை. இந்தியில் காக்கா "காவ் காவ்" என்று கத்தும், நாய் "பௌ பௌ" என்று குரைக்கும். அதை அவன் செய்து காட்டினால் வகுப்பே கூடக் கத்தும். எழுந்து நின்று இந்தியில் கதை சொல் என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிடாதீர்கள், பயந்துபோவான்.

மீனவப் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கிண்டல் நடந்த அன்றே, ஒரு மீனவச் சிறுவனை எல்லாரும் ஒதுக்கினார்கள் என்று கதை ஆரம்பித்தால் மொத்த வகுப்பும் யாரைத் திரும்பிப் பார்க்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குப் பதில் அந்த வீட்டுப் பெரியவர்களையே கதை சொல்லக் கூப்பிடுங்கள். நம் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்தால், விசைப்படகில் போகிற அப்பாக்கள் அப்போது கரையில்தான் இருப்பார்கள். ஒருவர் வலை பின்னும் ஊசியோடு வந்து, இருட்டில் கரை திரும்புவது எப்படி என்று சொல்லட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மீனவர்கள் ஊருக்குள் படகைக் கொண்டுவந்து ஆட்களை மீட்டதையும் சொல்லலாம். உங்கள் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. அவர்களுக்கு அது ராஜா காலத்துக் கதை மாதிரி இருக்கும், வாயைப் பிளந்து கேட்பார்கள்.

அடிப்பது, சாப்பாட்டைத் தட்டிவிடுவது வரை போயிருந்தால் கதைநேரம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றே இரு தரப்புப் பிள்ளைகளிடமும் தனித்தனியாகப் பேசுங்கள், தலைமையாசிரியரிடம் சொல்லிப் பெற்றோரையும் அழையுங்கள்.