எந்தக் கரடி, எந்த ஊர், எந்த மாதம்? – வாசகர் கேள்விகள்

கே: பனி உருகினால் துருவக் கரடி கரையில் பழம், முட்டை தின்று பிழைக்காதா? (சேலம்)

ப: கொறிக்கும், பிழைக்காது. சீல் (கடல்நாய்) கொழுப்பில் வாழும் உடம்பு அது, சீலைக் கடல்பனி மேல் நின்றுதான் பிடிக்கும். கனடாவின் மேற்கு ஹட்சன் விரிகுடாவில் கடல்பனி இல்லாத காலம் 1980களைவிட மூன்று, நான்கு வாரம் நீண்டுவிட்டது. கரையில் நாளுக்குச் சுமார் ஒரு கிலோ எடை இறங்கும். 1987இல் அங்கே 1,200 கரடிகள். 2021இல் 600 சொச்சம்.

கே: குளிர் குறைந்தால் நம் கரடிகள் குளிர்கால உறக்கத்திலிருந்து சீக்கிரம் எழுமா? (திருச்சி)

ப: நம் ஊர்க் காட்டிலிருக்கும் தேன்கரடி அப்படி உறங்குவதே இல்லை. உலகில் கரடி எட்டு இனம் ஐயா, எதைப் பற்றிக் கேட்கிறோம் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கே: அலாஸ்காவில் கரடிகள் மீனை விட்டுப் பழத்துக்குப் போனதாமே? (மதுரை)

ப: உண்மை. கோடியாக் தீவில் 2014, 2015இல் சிவப்பு எல்டர்பெர்ரி முந்திப் பழுத்து, சால்மன் மீன் முட்டையிட ஓடையேறும் நேரத்தோடு மோதியது. கரடிகள் மலைச்சரிவுக்கு ஏறிவிட்டன. கொழுப்பு சேர்க்க மிதமான புரதம் போதும், அது பழத்தில் இருக்கிறது. கரடிக்கு நஷ்டமில்லை, அது தின்று மிச்சம் போடும் மீனை உரமாக எடுத்துக்கொள்ளும் ஓடைக்கரைக் காட்டுக்குத்தான் நஷ்டம். ஆனால் ஒன்றிரண்டு வருஷத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கே: வீட்டுக் கதவை உடைத்து எண்ணெய் குடிக்கிறது கரடி. காலநிலை மாற்றம்தானே காரணம்? (கோத்தகிரி)

ப: நீலகிரியிலிருந்து இதே கடிதம் எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மழை தப்பினால் நாவல், அத்தி, இலந்தை காய்ப்பு தப்பும். மண் காய்ந்தால் கறையான் புற்றின் ஆழத்துக்குப் போய்விடும். இதை மறுக்கவில்லை. ஆனால் சோலையை வெட்டித் தேயிலை வைத்தது வெயிலா? தோட்டத்து இடுக்கெல்லாம் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. பகலில் கரடிக்கு அதுதான் வீடு, அதன் பழமே தீனி. இறங்கி நாலு எட்டு வைத்தால் கோயில் விளக்கு எண்ணெய், கடை வெல்லம், திறந்த குப்பைத்தொட்டி. பலநாள் அலைந்து கிடைப்பது ஒரே இரவில் கிடைத்தால் நீங்களே போவீர்களா மாட்டீர்களா? மழை நன்றாகப் பெய்த வருஷமும் அது வரத்தான் செய்கிறது. ஒரு விடுதிக்காரர் பின்கட்டில் பிரியாணி மிச்சத்தைக் குவித்துவிட்டு என்னிடம் புவி வெப்பமயமாதல் பற்றி அரைமணி நேரம் பேசினார். வானத்தைக் குற்றம் சொன்னால் தொட்டிக்கு மூடி வாங்க வேண்டியதில்லை, அந்தச் சௌகரியம்! மூடி போடுங்கள். எண்ணெயை இரவில் உள்ளே எடுத்து வையுங்கள்.

கே: கோடையில் காட்டோரம் பலாப்பழம் வைக்கலாமா? (குன்னூர்)

ப: கூடாது. மேலே உள்ள பதிலைப் படியுங்கள். மூடி, மூடி, மூடி.

கே: பாலைப்பழம் குறைந்தால் வில்பத்துக் காட்டுக் கரடி என்ன செய்யும்? (வவுனியா, இலங்கை)

ப: கறையான் புற்றுக்குத் திரும்பும். ஜூன், ஜூலை விருந்துதான் போகும்.

கே: மெலிந்த கரடியின் வீடியோ அனுப்பியுள்ளேன். வெப்பத்தால் சாகிறதா?

ப: ஊரும் இல்லை, மாதமும் இல்லை. நோயோ, கிழமோ, பல் போனதோ, வீடியோவில் எப்படித் தெரியும்? தலைப்பில் கேட்ட மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.