வாசகர் கேள்வி – பதில்: நாற்பதுக்கு மேல் ஓடத் தொடங்குவோருக்கு

(உடல் நலத்துக்காக ஓடத் தொடங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 31 ஆண்டுகள் பள்ளி உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்று, காரைக்குடியில் வசிப்பவர் இந்த இதழில் பதில் தருகிறார்.)

கேள்வி: எனக்கு 41 வயது, எடை 74 கிலோ. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 என்று வந்ததால் எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னார். மகனின் பழைய ஷூவில் முன்பக்கம் பஞ்சை அடைத்துப் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து ஊருணி வரை ஓடிப் பார்த்தேன். ஊருணிப் படியை எட்டுவதற்குள் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். நான்காம் நாள் கணைக்காலில் வலி வந்து, இரண்டு வாரமாக விட்டு விட்டு வலிக்கிறது. “தெருவில ஓடுற வயசா இது?” என்கிறார் மாமியார். என் உடம்பு ஓட்டத்துக்கு ஏற்றதில்லையோ?
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: சகோதரி, நீங்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஓட்டம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது பள்ளி விளையாட்டு விழாவின் நூறு மீட்டர்ப் பந்தயம். விசில் ஊதியதும் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்த அந்தப் பாய்ச்சலைத்தான் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் கால்கள் ஓட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த வேகத்தில் போனால், பயிற்சியில்லாத எவரும் இருநூறு மீட்டரில் உட்கார்ந்துவிடுவார்கள். நீங்கள் ஓட வேண்டிய வேகம், பக்கத்தில் ஒருவர் விரைந்து நடந்தால் உங்களோடு சேர்ந்து வந்துவிடக்கூடிய வேகம். “இன்றைக்குப் பால்காரர் ஏன் இவ்வளவு தாமதம்?” என்று ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். குறைத்தும் முடியவில்லையென்றால் நடங்கள்.

நடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1996-ஆம் ஆண்டு ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், உட்கார்ந்தே பழகிய ஒருவரை ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட வைக்கும் பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்தார். இன்று உலகெங்கும் புதிதாக ஓடுபவர்கள் பின்பற்றும் அந்தத் திட்டமே நடையில்தான் தொடங்குகிறது. முதலில் ஐந்து நிமிடம் விரைந்த நடை, பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிடம் நடை. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி எட்டு முறை செய்தால் இருபது நிமிடம் ஆகிவிடும். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. முதல் வாரத்துக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். தெம்பாக இருக்கிறது என்று நான்காவது நாளும் கிளம்பிவிடாதீர்கள்.

அந்தத் திட்டத்தில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாளில், அதுவரை எட்டு எட்டு நிமிடமாக ஓடியவரை நிறுத்தாமல் இருபது நிமிடம் ஓடச் சொல்கிறது. நான் ஓடப் பழக்கிய பெண்களில் பலர் மனம் தளர்ந்து நின்றது அந்த இடத்தில்தான். ஆகவே ஒவ்வொரு வாரப் பயிற்சியையும் இரண்டு வாரம் செய்யுங்கள். ஒன்பது வாரம் பதினெட்டாக நீளட்டும். எட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் பத்து, பன்னிரண்டு, பதினைந்து என்று நீங்களே படி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நிதானம் ஏன் என்பதற்கு உங்கள் கணைக்காலே சாட்சி. ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் தேறி, மூச்சு வாங்குவது குறைந்துவிடும். ஆனால் எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும் தேறுவதற்கு மாதங்கள் ஆகும். ஓடும்போது ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது. 74 கிலோ எடைக்கு ஏறத்தாழ 150 முதல் 220 கிலோ வரை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சு “இன்னும் ஓடலாம்” என்று சொல்லும் மூன்றாம், நான்காம் வாரத்தில் எலும்பு இன்னும் தயாராகியிருக்காது. புதியவர்களுக்குக் காயம் நேர்வது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். ஊருக்கு உபதேசம் செய்யும் நானே இதில் மாட்டியவள். 44 வயதில், மகப்பேற்றுக்குப் பிறகு பல ஆண்டுகள் விட்டிருந்த ஓட்டத்தை மறுபடி தொடங்கியபோது, மாணவிகள் பார்க்கிறார்களே என்ற வீறாப்பில் முதல் மாதத்திலேயே நாள்தோறும் மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றினேன். கணைக்கால் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்து, ஆறு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊத வேண்டியதாயிற்று.

உங்கள் வலி எந்த வகை என்பதை விரல் வைத்துப் பார்த்தே ஓரளவு அறியலாம். கணைக்காலின் உட்புற விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால், அது சுமை கூடியதால் வந்தது. வலி முற்றிலும் நீங்கும் வரை ஓட்டத்தை நிறுத்தி, வலிக்காத அளவுக்கு நடந்தால் போதும். ஒரே ஒரு புள்ளியில் விரலால் அழுத்தும்போது சுருக்கென்று வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் ஓர் அடி கூட ஓடாதீர்கள்.

மகனின் ஷூவை மகனிடமே கொடுத்துவிடுங்கள். பஞ்சு அடைத்த ஷூவில் குதிகால் ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் நழுவும். அதைப் பிடித்துக்கொள்ளக் கால்விரல்கள் தாமாகவே மடங்கும். அந்த இழுப்பெல்லாம் கணைக்காலுக்குத்தான் போய்ச் சேரும். ஓட்டத்துக்கென்று செய்த ஷூவை மாலை நேரத்தில் போய் வாங்குங்கள், பகல் முழுவதும் நின்ற கால் மாலையில் சற்றுப் பருத்திருக்கும். நின்றபடி போட்டுப் பார்த்தால், பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். விலை அதிகமானதுதான் நல்லது என்று எண்ண வேண்டாம், போட்டவுடன் உறுத்தாமல் இருப்பதே முதல் தகுதி. 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பகுதியின் மெத்தை அமுங்கிவிடும் என்பதால், மேலே புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். உடலை இறுகப் பிடிக்கும் விளையாட்டு உள்ளாடை ஒன்றும் அவசியம். இதைச் சொல்லக் கூசியே பல பெண்களை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். உடைக்குச் சுடிதார் போதும், துப்பட்டா வேண்டாம்.

எங்கே ஓடுவது என்பதில் நம் பகுதிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகள் நிறைந்த ஊரில், நான்கைந்து வீடுகளைச் சுற்றி வந்தாலே பெரிய சாலையைத் தொடாமல் நல்ல சுற்று ஒன்று கிடைத்துவிடும். ஊருணிக் கரையின் செம்மண் பாதை இன்னும் நல்லது, சிமெண்டுத் தெருவை விடக் காலுக்கு இதம். ஆனால் மழை பெய்த மறுநாள் அந்தச் செம்மண் வழுக்கும். காய்ந்த நாளில் உருண்டைச் சரளைக்கல் காலடியில் உருளும். முதல் நாள் நடந்து பார்த்து இடத்தைத் தெரிந்துகொண்டு பிறகு ஓடுங்கள். ஊருணியை எப்போதும் ஒரே திசையில் சுற்றாதீர்கள். சரிவான கரையில் ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே ஊன்றுவதால், ஒரு பக்க முழங்காலும் இடுப்பும் நோகும். சாலையில் ஓட நேர்ந்தால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கமாக ஓடுங்கள்.

மூச்சு முட்டியதைப் பற்றி இன்னொன்று. மெதுவாக ஓடியும், ஏன், மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்கினால், ஹீமோகுளோபின் அளவை ஒரு முறை பார்த்துவிடுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. 12 கிராமுக்குக் கீழே இருந்தால், முதலில் அதற்குத்தான் வைத்தியம்.

மாமியாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் தெருவில் விடியற்காலை வேடிக்கை பார்க்க யார் இருக்கிறார்கள் என்று எனக்கும் கேட்கத் தோன்றுகிறது. ஆயினும் ஆளில்லாத தெருவில் தனியாகப் போக வேண்டாம், துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய் வந்தவர் உங்கள் மாமியாராக இருந்தால், முதல் ஐந்து நிமிட நடைக்கு அவரையே கூப்பிடுங்கள். நிதானமாகப் புறப்படுகிறவர்தான் ஊர் போய்ச் சேருவார் என்பது பாதயாத்திரை போனவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: ஒரு மாதமாக வாரம் மூன்று நாள் இரண்டு கிலோமீட்டர் ஓடுகிறேன். எடை ஒரு கிலோ கூடக் குறையவில்லை. ஓடுவதற்கு முன்னும் பின்னும் என்ன சாப்பிட வேண்டும்?
— ஒரு வாசகர், கோட்டையூர்

பதில்: ஓடும்போது, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. நீங்கள் 75 கிலோ என்று வைத்துக்கொண்டால் இரண்டு கிலோமீட்டருக்கு 150 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இருப்பது சுமார் 120 கலோரி. ஓடி வந்த களைப்புக்கு வெள்ளைப் பணியாரமும் சீயமும் இரண்டிரண்டு சாப்பிட்டால், ஓடியதைவிடக் கூடுதலாக வரவு வைத்தாயிற்று. கவுனி அரிசி கறுப்பாக இருப்பதால் உடம்புக்கு நல்லது என்று சிலர் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுகிறார்கள். அரிசி நல்லதுதான், அதில் சேரும் சர்க்கரையும் நெய்யும் எங்கே போகும்? பலகாரத்தை அடியோடு விடச் சொல்லும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை. எண்ணெயில் பொரித்ததற்குப் பதில் குழியில் ஊற்றிய பணியாரத்தை, அதுவும் விசேஷ நாட்களில் சாப்பிடுங்கள்.

அரை மணிக்கு உட்பட்ட ஓட்டத்துக்கு முன் எதுவும் சாப்பிடத் தேவையில்லை. பசித்தால் ஒரு வாழைப்பழம். திரும்பி வந்த பிறகு பாசிப்பயறு, சுண்டல், முட்டை என்று புரதம் உள்ள காலை உணவு. எடை நிற்கிறதே என்று ஓட்டத்தை நிறுத்திவிடாதீர்கள்: சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கம் இவற்றில் வரும் முன்னேற்றம் எடைத் தராசில் தெரியாது. இடுப்பின் சுற்றளவை மாதம் ஒரு முறை நாடாவால் அளந்து எழுதி வையுங்கள்.

கேள்வி: வயது 58. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். கல்லூரிச் சாலையில் நண்பர்கள் ஓடுகிறார்கள், நானும் சேரலாமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ஐயா, மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். “நடக்கலாமா” என்று பொதுவாகக் கேட்காமல், “ஓடலாமா, அதற்கு முன் இதயப் பரிசோதனை வேண்டுமா” என்றே கேளுங்கள். கையில் மாத்திரைச் சீட்டும் இருக்கட்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு ஓட்டத்தால் சர்க்கரை தாழ்ந்துபோவது அரிது. கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஓடும்போதும், சில மணி நேரம் கழித்தும் அது தாழலாம். கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, கண் இருண்டால் உடனே வாயில் போட்டுக்கொள்ளக் குளுக்கோஸோ சர்க்கரையோ சட்டைப்பையில் இருக்க வேண்டும். அட்டெனோலால், மெட்டோபுரோலால் வகை மாத்திரைகள் நாடித் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பவை என்பதால், கைக்கடிகாரம் காட்டும் துடிப்புக் கணக்கை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்ற சோதனையே உங்களுக்குப் பொருத்தம். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் ஷூவைக் கழற்றி உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். சர்க்கரையால் கால் உணர்ச்சி மங்கியிருந்தால் கொப்புளம் எழுந்ததே தெரியாது.

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது தோளுக்கோ பரவும் வலி, தலைசுற்றல், இவற்றில் எது வந்தாலும் ஓட்டம் அந்த நொடியே நிற்க வேண்டும். உட்கார்ந்த பிறகும் குறையாவிட்டால் 108-ஐ அழையுங்கள். நண்பர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்ற எண்ணமே வேண்டாம்.

கேள்வி: காலையில் நேரமில்லை. கோடையில் மாலை ஆறு மணிக்கு ஓடலாமா?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: கத்திரி வெயில் நாட்களில் வேண்டாம். பகலெல்லாம் காய்ந்த தார்ச்சாலையும் சுவர்களும் பொழுது சாய்ந்த பிறகும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். ஏழரைக்கு மேல் வெளிச்சமுள்ள இடத்தில் ஓடுங்கள், அல்லது அந்த நாட்களில் மட்டும் விடியலில் எழுந்துகொள்ளுங்கள். வெயிலுக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால், அதுவரை பாதித் தூரம் போதும். தாகத்துக்குத் தகுந்தபடி தண்ணீர் குடியுங்கள். அரை மணி ஓட்டத்துக்கு உப்புப் பானங்கள் தேவையில்லை, திரும்பி வந்து நீர்மோர் குடித்தால் போதும். வெயிலில் ஓடும்போது மயிர்க்கூச்செறிந்தாலோ தலை வலித்தாலோ உடனே நிழலுக்குப் போய்விட வேண்டும்.

கேள்வி: ஓடினால் தெருநாய்கள் துரத்துகின்றன.
— ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: ஓடுவதை நிறுத்துங்கள், நாயை முறைத்துப் பார்க்காமல் மெல்ல நடந்து அதன் எல்லையைக் கடந்துவிடுங்கள், பெரும்பாலும் அதுவும் குரைப்பதை நிறுத்திவிடும். கடித்தாலோ, பல் பட்டுக் கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்ட வேண்டாம்.

கேள்வி: வீட்டுத் திருமணத்தால் மூன்று வாரம் ஓட முடியவில்லை. மறுபடி முதலிலிருந்தா?
— ஒரு வாசகி, புதுவயல்

பதில்: ஒரு வாரம் விட்டிருந்தால் விட்ட இடத்திலேயே தொடரலாம். மூன்று வாரம் என்பதால் இரண்டு படி பின்னால் போய்த் தொடங்குங்கள். எட்டு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தவர் மூன்று நிமிட ஓட்டத்துக்குப் போகட்டும். திருமண வீட்டில் அலைந்து திரிந்ததெல்லாம் நடைக் கணக்கில்தான் சேரும் என்பதால், மூச்சு அவ்வளவாகக் குறைந்திருக்காது.