போதையிலிருந்து மீண்ட தம்பியைக் கல்யாண வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா?

தாராளமாகக் கூட்டிப் போங்கள்.

வலி மாத்திரைப் பழக்கத்துக்குச் சிகிச்சை முடித்துத் தம்பி வீடு திரும்பிச் சில மாதங்கள் ஆகின்றன, அடுத்த மாதம் சித்தப்பா மகள் கல்யாணம், "நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க, அவன் வீட்டிலேயே இருக்கட்டும்" என்கிறார் அம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே மாத்திரையிலிருந்து மீண்டவன். ஊர், மேலூர் பக்கம்.

மையத்தில் இருக்கும்வரை பொழுது போய்விடும். எழுப்ப ஆள் உண்டு, குழுக் கூட்டம் உண்டு, கூட இருப்பவர்களுக்கும் நம் கதைதான். வீட்டுக்கு வந்த பிறகுதான் நாள் நகராது. குளியலறையில் கொஞ்சம் நேரமானாலும் கதவைத் தட்டுவார்கள். பீரோ சாவி அம்மாவின் இடுப்பிலேயே இருக்கும். நகையும் பணமும் காணாமல் போன வீட்டில் அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் சொந்தபந்தம் யாரையும் பார்க்கவிடாமல் வைத்தால், அவனைத் தேடி வர மிச்சமிருப்பது பழைய கூட்டாளிகள் மட்டும்தான்.

என்னை ஊருக்குள் சேர்த்தது ஒரு மொய் நோட்டு. பெரியப்பா வீட்டுக் காதுகுத்து. வழக்கமாக மொய் எழுதுகிறவர் வரவில்லை. பெரியப்பா என்னைப் பார்த்து, "உன் கையெழுத்து நல்லா இருக்கும், வந்து உட்காருடா" என்றார். பணத்தை வாங்கி எண்ணிப் போட என் மச்சான், பேர், ஊர், தொகை எழுத நான். என்னை அங்கே பார்த்ததும் சிலர் கவரை மச்சான் பக்கம் நீட்டினார்கள். அது உறுத்தியது. ஒரு அத்தை மட்டும் என் முன்னால் வந்து நின்று, பணத்தை என் கையிலேயே வைத்து, "மாமா பேர்ல எழுதுப்பா" என்றார். முடிவில் நோட்டுக் கணக்கும் பைப் பணமும் நேராக இருந்தன. பெரியப்பா, "சரி, போய்ச் சாப்பிடு" என்றார், அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளிடம் சொல்வது போலவே என்னிடமும் சொன்னார் என்பதில்தான் எனக்கு அத்தனை நிம்மதி.

அதனால் தம்பியைச் சும்மா கூட்டிப் போய் ஒரு நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். பந்தியோ, வாசலில் வரவேற்போ, சமையல்காரருக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பதோ, ஏதாவது ஒரு வேலையை அவன் பொறுப்பில் விடச் சொல்லுங்கள். சித்தப்பாவிடம் முன்பே பேசிவிடுங்கள்.

மீட்பில் ஊருக்கும் பங்கு உண்டு என்பது புதிதாக வந்த யோசனை அல்ல. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் ஒரு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று பலருக்கும் தெரியும். அவர்கள் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் போட்டு, குடிநோயாளிகளுக்குக் கிராமத்திலேயே சிகிச்சை தந்தார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். டாபென்டடால் போன்ற வலி மாத்திரைகள் ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல உடம்பில் வேலை செய்பவை. நிறுத்திச் சில வாரங்கள் ஆனாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். முன்பு எடுத்த அதே அளவை மறுபடி எடுத்தால் மூச்சு நின்று உயிரே போகலாம். எப்போதாவது சறுக்கினால் தம்பி அதை மறைக்காமல் சொல்லும்படி வீடு இருக்க வேண்டும். திட்டுவதற்கு முன் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச தேசிய உதவி எண் இருக்கிறது. போதையிலிருந்து மீள்கிறவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் நார்கோட்டிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பக்கத்தில் நடந்தால் போகச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது, பேரைக்கூட முழுசாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், கல்யாணத்தில் முகூர்த்த நேரம் பயப்பட வேண்டியது இல்லை. முந்தின ராத்திரி, லாட்ஜ் அறையில் பையன்கள் கூடுகிற நேரம்தான் ஆபத்து. அன்று சாப்பாடு முடிந்ததும் தம்பியோடு நீங்களும் வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். யாராவது கேட்டால், காலையில் சீக்கிரம் வந்து பந்தி வேலையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். பொறுப்பை அவனிடம் கொடுத்திருந்தால் அது உண்மையும்கூட.