நீக்கப்பட்ட பயிற்சியாளருக்கு யார் பணம் தர வேண்டும்?

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "எங்கள் கால்பந்துக் கழகம் பதிவு பெற்ற சங்கம், உறுப்பினர்கள் 60 பேர். மாதம் 40,000 ரூபாய் சம்பளத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு அமர்த்திய பயிற்சியாளரைத் தொடர் தோல்விகளால் ஐந்தே மாதத்தில் செயற்குழு நீக்கிவிட்டது. மீதி 19 மாதச் சம்பளம் 7,60,000 ரூபாயை அவர் கேட்கிறார். தவறு முழுவதும் அவருடையது என்கிறது செயற்குழு. அந்தப் பணத்தைச் செயற்குழுவினரே தர வேண்டும் என்று நாங்கள் கேட்க முடியுமா?"

அணி தோற்றது என்பதற்காக மட்டும் கேட்க முடியாது. பயிற்சியாளரை அமர்த்திய நாளில் செயற்குழு எதை அறிந்திருந்தது, எதை விசாரித்தது, எந்த அதிகாரத்தில் கையெழுத்திட்டது என்பவற்றை வைத்தே அதன் பொறுப்பை அளக்க வேண்டும்.

பெரிய கழகங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. மான்செஸ்டர் யுனைடெட் 2013-இல் டேவிட் மோயஸுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் தந்து, பத்தே மாதங்களில், 2014 ஏப்ரலில் அவரை நீக்கியது. எவர்ட்டன் கழகத்தில் பதினோரு ஆண்டுகள் பயிற்சியாளராகப் பணியாற்றியவரைத் தேர்ந்தெடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆறு ஆண்டுக் காலத்தைத்தான் நியாயப்படுத்த முடியாது. அதே கழகம் 2024 ஜூலையில் எரிக் டென் ஹாகின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்து, அக்டோபரில் அவரை அனுப்பிவிட்டு, அவருக்கும் உதவியாளர்களுக்குமாக 1.04 கோடி பவுண்டு செலவிட்டது. நம் நாட்டிலேயே, அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு 2023 அக்டோபரில் ஒப்பந்தத்தை நீட்டித்த இந்திய அணியின் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சை, இந்தியா உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறிய பின் 2024 ஜூனில் நீக்கி, இறுதியில் 4,00,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

ஆகவே முதலில் தீர்மானப் புத்தகத்தைக் கேளுங்கள். எத்தனை பேரைப் பரிசீலித்தார்கள், பயிற்சியாளர் உரிமச் சான்றைச் சரிபார்த்தார்களா, முன்பு பணியாற்றிய இடத்தில் விசாரித்தார்களா, அவர் யாருக்காவது உறவினரா என்பவை அதில் இருக்க வேண்டும். (நம் வட்டாரத்தில் முடிவு மாலைப் பயிற்சிக்குப் பின் டீக்கடையில் எடுக்கப்பட்டு, தீர்மானம் பிறகு எழுதப்படுவது உண்டு, தேதிகளைக் கவனமாகப் பாருங்கள்.) எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால், செயற்குழு செய்தது நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை, அதற்கு உங்கள் விடை அடுத்த தேர்தலில் போடும் வாக்குதான். மாறாக, துணை விதிகள் தராத அதிகாரத்தில் ஒருவர் தனியாகக் கையெழுத்திட்டிருந்தாலோ, உறவை மறைத்திருந்தாலோ, அவரிடமிருந்து இழப்பை மீட்கும்படி சங்கம் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம்.

புத்தகத்தைக் காட்ட மறுத்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் 36-ஆம் பிரிவின்படி, மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள், உங்கள் கணக்கில் 20 பேர், கையெழுத்திட்டு, சங்கத்தின் செயல்பாட்டையும் நிதிநிலையையும் விசாரிக்குமாறு பதிவாளருக்கு விண்ணப்பிக்கலாம். பயிற்சியாளர் திறமையானவரா என்று அவர் ஆராய மாட்டார் என்பதால், மனுவில் தோல்விகளைப் பற்றி எழுத வேண்டாம்.

பயிற்சியாளரின் கோரிக்கை தனி விஷயம். ஒப்பந்தம் சங்கத்தோடு முறையாகச் செய்யப்பட்டிருந்தால், அவருக்குப் பொறுப்பு சங்கமே. செயற்குழுவைக் கைகாட்டித் தப்ப முடியாது. ஆனால் 7,60,000 ரூபாயும் அவருக்குத் தானாகக் கிடைத்துவிடாது. முன்னறிவிப்புக் கொடுத்து விலக்கலாம் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தால், அவர் கோரக்கூடியது பெரும்பாலும் அந்தக் கால அளவுக்குள் சுருங்கிவிடும். அப்படி இல்லையென்றாலும், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 73-ஆம் பிரிவு, இழப்பைக் குறைக்க அவருக்கு இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இடையில் அவர் ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ ஒரு பள்ளியில் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தால், அந்த வருமானம் கழிக்கப்பட வேண்டும். வழக்குத் தொடர அவருக்கு மூன்று ஆண்டுகள் உண்டு. அதுவரை காத்திராமல் வழக்கறிஞர் வழியாக இப்போதே பேசி, சமரசத் தொகையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுடன் எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.