சிங்கப்பூர் வேலை: முன்பணத்துக்கு முன் ஐபிஏ

கேள்வி: என் தம்பிக்குச் சிங்கப்பூர் சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர் வேலை, ஒர்க் பெர்மிட் எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஏஜெண்ட். மூன்றரை லட்சம் கேட்கிறார். முன்பணம் கட்டலாமா?
– வாசகி, மன்னார்குடி

கட்டாதீர்கள். அந்த வேலைக்கு இந்தியருக்கு ஒர்க் பெர்மிட் கிடையாது. கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் ஆலைகள் (எண்ணெய், ரசாயனம் போன்றவை) போன்ற துறைகளுக்குத்தான் நம்மவர்களை பெர்மிட்டில் எடுக்க முடியும். சேவைத் துறையில் இந்திய உணவகச் சமையற்காரர் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் 2023 செப்டம்பரிலிருந்து விலக்கு உண்டு. அதற்கும் மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும்.

"அப்படியானால் எஸ் பாஸ் போடுகிறேன்" என்று ஏஜெண்ட் பேச்சை மாற்றக்கூடும். எஸ் பாஸ் என்பது நடுத்தரத் திறன் உள்ளவர்களுக்கான வேலை அனுமதி. 2025 செப்டம்பர் முதல் புதிய எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, வயது கூடினால் அதுவும் கூடும். கேஷியருக்கு அவ்வளவு கொடுக்கும் கடை எது என்று கேளுங்கள்.

எந்த பாஸானாலும் விண்ணப்பிப்பது அங்குள்ள முதலாளிதான். ஒப்புதல் வந்ததும் ஐபிஏ (கொள்கையளவிலான ஒப்புதல்) கடிதம் வரும். அதில் கம்பெனி பெயர், வேலை, அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் தனித்தனியாக இருக்கும். சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் அது உண்மையா என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும். சிங்கப்பூர் ஏஜென்சி வாங்கக்கூடிய கட்டணம், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம். எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜெண்ட்டுக்கு வரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. இங்குள்ள ஏஜெண்ட் கேட்கும் மூன்றரை லட்சம் இந்த வரம்பைவிடப் பல மடங்கு அதிகம்.

கேள்வி: ஐபிஏவில் 3,300 வெள்ளி. ஆனால் 1,500 வெள்ளியை மாதாமாதம் முதலாளியிடம் திருப்பித் தர வேண்டுமாம். எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள் என்கிறார்கள், சரியா?
– வாசகர், பட்டுக்கோட்டை

சரியில்லை, ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது அங்கே குற்றம்: 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. லெவியும் (வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசுக்குக் கட்டும் மாத வரி) முதலாளியின் செலவுதான், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்கள் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் செய்திகளைப் பத்திரப்படுத்துங்கள். சம்பளப் பாக்கிக்கு வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள் புகார் தரலாம். வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதம்தான். ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டே பலர் பணத்தை இழக்கிறார்கள்.

கேள்வி: கட்டுமான பெர்மிட்டில் இருக்கிறேன். முதலாளி விடாமல் கம்பெனி மாற முடியுமா?
– வாசகர், சிங்கப்பூர்

முடியும். பெர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போது தொடங்கி 21 நாள் இருக்கும் வரை, முதலாளியின் சம்மதம் இல்லாமலே புதிய கம்பெனி உங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற நேரத்தில் சம்மதம் வேண்டும். எனவே புதிய கம்பெனியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, அட்டையில் உள்ள தேதியிலிருந்து நாளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.