11 மணி லேப்டாப்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு தாய் எழுதுகிறார்: மகன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். மகள் பி.யு.சி. (இங்கே பிளஸ் டூ) முடித்துவிட்டு சமுதாயக் கல்லூரியில் ஐ.டி. டிப்ளமோ சேர்ந்திருக்கிறாள். முதல் செமஸ்டரில் புரோகிராமிங் பேப்பர் போய்விட்டது. "அவளுக்கு மண்டையில் ஏறவில்லை. நிறுத்திவிட்டு வரன் பார்க்கலாமா?"

பதில்:

மண்டை விஷயம் இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "லேப்டாப் ஒன்றுதான். 11 மணிக்குப் பெரியவன் தூங்கியதும் இவள் எடுத்துக்கொள்வாள். அதில் சண்டையே வந்ததில்லை."

எப்படியம்மா வரும்? கேட்டாலும் கிடைக்காது என்று அவளுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. காலை 5 மணிக்குக் காவேரித் தண்ணீர் பிடிப்பதும் அவள்தான் என்று பெருமை வேறு. பகலில் நோட்டில் எழுதிவைத்த புரோகிராமை நடுராத்திரியில் தட்டிப் பார்க்கிறாள். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் வரியின் தொடக்கத்தில் ஒரு இடைவெளி பிசகினாலே ஓடாமல் நின்றுவிடும். எங்கே பிசகியது என்று தேடித்தேடித்தான் இந்தப் படிப்பு கைக்கு வரும். நோட்டைப் பார்த்துக்கொண்டு அதைத் தேட முடியாது.

சமுதாயக் கல்லூரி என்றால் தையல் வகுப்பு மாதிரிதானே என்று உங்கள் நாத்தனார் கேட்டாராம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வகுத்தபடி ஓராண்டு டிப்ளமோவுக்கு 60 கிரெடிட், அதாவது படிப்பின் அளவு. அதில் 36 தொழில்திறனுக்கு. சரி, தையல் என்றே வைத்துக்கொள்வோம். மெஷினைக் கொடுக்காமல், தைக்கத் தெரியவில்லை என்று ஒரு பெண்ணைத் திட்டுவீர்களா?

கல்யாணம் காலாகாலத்தில் நடக்க வேண்டும் என்று நினைக்கிற பழைய ஆள்தான் நானும். ஆனால் பெரியவனுக்குப் போன வருடம் இரண்டு பேப்பர் போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு டியூஷன், இவளுக்கு வரனா? அந்தப் பிள்ளையிடமும் சொல்லுங்கள்: கல்யாணத்தன்று தங்கை கையில் பொரி அள்ளிப்போடுவதோடு அண்ணன் வேலை முடிந்துவிடாது.

இன்று முதல் மாலை 7லிருந்து 10 வரை லேப்டாப் அவளுக்கு. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் இருவரையும் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு அனுப்புங்கள், உங்கள் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து மூன்றாவது நிறுத்தம் சிக்பேட்டை, அங்கிருந்து நடந்துவிடலாம். பழைய லேப்டாப்பே போதும். வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க்கும் 8 ஜிபி ரேம் நினைவகமும் இருக்கிறதா என்று அவளே பார்த்து வாங்கட்டும்.

அப்புறம், விடிகாலையில் தண்ணீர் பிடிக்க யாரை எழுப்புவது என்று யோசிப்பீர்கள். பெரியவன்தான் 11 மணிக்கே தூங்கிவிடுகிறானே, அவனை எழுப்புங்கள்.